தோல் சுவடியை முதன்முறை கையில் எடுக்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் ஒரு நூலகத்தில், 15ஆம் நூற்றாண்டில் பிரான்சில் விலங்குத் தோலில் கையால் எழுதி, தங்கமும் வண்ணமும் இட்ட செபப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்க்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. முதல் தடவை பரிந்துரைக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை உள்ளே விட்டார்கள். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் படங்களையே பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரத்தைக் கழித்துவிட்டேன். அந்தப் புத்தகம் எப்படி உருவானது என்பதற்கான தடயங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்திருக்கின்றன, அதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் தடவைதான் உருப்படியாகப் பார்த்தேன்.

படிக்கவோ வேலைக்கோ அங்கே போயிருப்பவர்கள், பயணமாகப் போகிறவர்கள், ஆசை இருந்தும் ‘நம்மை எல்லாம் உள்ளே விடுவார்களா’ என்று தயங்குகிறவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விடுவார்கள். பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் முறையாகச் செய்ய வேண்டும்.

1. எந்தப் புத்தகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெயர் பெற்றவற்றைக் கேட்காதீர்கள். அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் நூல் என்ற நற்செய்திச் சுவடியைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். பிரிட்டிஷ் நூலகத்தின் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலும் அப்படித்தான். முதல் தடவை போகிறவர் அவற்றைக் கேட்டால் ‘இணையத்தில் பாருங்கள்’ என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

நீங்கள் கேட்க வேண்டியது ‘புக் ஆஃப் அவர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும் நேர செபப் புத்தகம். துறவிகள் மடத்தில் ஒரு நாளில் எட்டு வேளை சொன்ன செபங்களைச் சுருக்கி, வீட்டில் இருப்பவர்கள் சொல்வதற்காகச் செய்தது. நடுக்காலத்தின் கடைசி நூற்றாண்டுகளில் இதைப்போல வேறு எந்தப் புத்தகமும் எழுதிக் குவிக்கப்படவில்லை. ஆகவே ஓரளவு பெரிய நூலகம் எதிலும் இது நிறையவே இருக்கும். நடுத்தரமான ஒன்றைக் கேட்டால் மறுக்கக் காரணம் குறைவு.

பட்டியலில் தேடும்போது ‘முற்றுப்பெறாதது’ என்ற குறிப்பு இருக்கும் சுவடி கிடைத்தால் விடாதீர்கள். பாதியில் நின்றுபோன பக்கங்கள்தான் வேலை எந்த வரிசையில் நடந்தது என்று காட்டும். எனக்குக் கிடைத்த புத்தகத்தில் ஒரு பக்கத்தில் வானதூதரின் தலையைச் சுற்றித் தங்க வளையம் மின்னுகிறது. சிறகு வெறும் கோடாகவே நின்றுவிட்டது. முழுமையாக முடிந்த இருபது படங்கள் சொல்லாததை அந்த ஒன்று சொன்னது.

நூலகம் சுவடிக்குத் தந்திருக்கும் இடக்குறியீட்டை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். குறியீடுகள் விசித்திரமாக இருக்கும். லிண்டிஸ்ஃபார்ன் நூலின் குறியீடு ‘காட்டன் நீரோ டி 4’. ராபர்ட் காட்டன் என்பவரின் நூலகத்தில் நீரோ மன்னர் சிலை வைத்திருந்த அலமாரியில், டி தட்டில், நாலாவது புத்தகம் என்று பொருள். அலமாரி போய்விட்டது, குறியீடு நிற்கிறது. இதில் ஒரு எண் தவறினாலும் வேறு புத்தகம் மேசைக்கு வரும். உங்கள் ஒரு நாள் போகும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தேடும்போதே ‘அசல் நடுக்காலச் சுவடி ஏடு விற்பனைக்கு’ என்று விளம்பரங்கள் வரும். வாங்காதீர்கள். முழுப் புத்தகத்தைப் பிரித்து ஏடு ஏடாக விற்றால் லாபம் அதிகம். அமெரிக்காவில் ஓட்டோ ஏகே என்பவர் இப்படிப் பிரித்து விற்ற சுவடிகளின் ஏடுகளை ஆய்வாளர்கள் இன்றும் ஒன்றுசேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாங்க ஆள் இருக்கும்வரை பிரிப்பதும் நிற்காது.

2. இணையத்தில் முழுதும் பார்த்து முடித்துவிடுங்கள்

பிரான்சின் காலிகா, ஆக்ஸ்ஃபோர்டின் டிஜிட்டல் போட்லியன், சுவிட்சர்லாந்தின் இ-கோடிசெஸ், பால்டிமோர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தின் தளம், எல்லாம் இலவசம். பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகள் 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் முடங்கின. அதற்கு முந்தைய கட்டுரைகளில் உள்ள இணைப்புகளை நம்பி உட்காராதீர்கள். சுவடியின் பெயரை நூலகத் தளத்தில் புதிதாகத் தேடுங்கள்.

இந்தச் சுவடிகளில் பெரும்பாலும் பக்க எண் கிடையாது, ஏட்டு எண்தான். நம் ஓலைச்சுவடி மாதிரியே ஏட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம். 12ஆம் ஏட்டின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் ‘பக்கம் 12’ என்று குறித்துவைத்தால் பின்னால் எதுவும் பொருந்தாது.

பார்க்கும்போதே, படத்தில் தெரியாதது எது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். தோலின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது? தங்கம் தட்டையா, மேடா? சுரண்டித் திருத்திய இடமா, வெறும் கறையா? இந்தப் பட்டியல்தான் அடுத்த படியில் உங்களைக் காப்பாற்றப் போகிறது.

3. ஆவணங்கள்

எனக்குக் காலம் போனது இங்கேதான். பொதுவாகக் கேட்பவை இவை: பாஸ்போர்ட், முகவரிச் சான்று, சுவடியைப் பார்க்க வேண்டிய காரணம், பல இடங்களில் ஒரு பரிந்துரைக் கடிதம்.

முகவரிச் சான்றில் நம்மவர்கள் சிக்குவார்கள். தமிழில் மட்டும் அச்சிட்ட மின்கட்டண ரசீது, குடும்ப அட்டை இவற்றை அங்கே யாராலும் படிக்க முடியாது. ஆங்கிலத்தில் பெயரும் முகவரியும் தெளிவாக உள்ள, சமீபத்திய வங்கிக் கணக்கு அறிக்கையைத் தாளில் எடுத்துப் போங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். தகப்பனார் பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுதாகவும் இருந்தால், முன்கூட்டியே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். கவுன்ட்டரில் நின்று விளக்குவது கஷ்டம்.

வாசகர் அட்டை கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. அட்டை வேறு, கட்டுப்பாட்டில் உள்ள சுவடியைப் பார்க்கும் அனுமதி வேறு. ஓவியச் சுவடிகள் பல இந்த இரண்டாவது வகையில் வரும். அதற்குத்தான் பரிந்துரைக் கடிதம். உங்களையும் உங்கள் வேலையையும் அறிந்த ஒருவர், நிறுவனத்தின் தாளில், தேதியும் கையெழுத்தும் இட்டுத் தர வேண்டும். ஆசிரியர் போதும், கல்லூரி நூலகர் போதும், பதிப்பாசிரியர் போதும்; அவர் சுவடியியல் அறிஞராக இருக்க வேண்டியதில்லை. ‘இவர் நல்லவர்’ என்று மட்டும் எழுதிய கடிதம் உதவாது. எந்தச் சுவடி, என்ன கேள்வி, இணையத்தில் உள்ள படம் ஏன் போதாது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். முந்தைய படியில் எழுதிய பட்டியலை அவரிடம் கொடுங்கள், கடிதம் தானாக அமைந்துவிடும்.

4. செலவும் காலமும்

பிரிட்டிஷ் நூலகத்தில் வாசகர் அட்டை இலவசம். சில ஐரோப்பிய நூலகங்களில் நாள் கட்டணமோ ஆண்டுக் கட்டணமோ உண்டு. அது மாறிக்கொண்டே இருப்பதால் தளத்தில் அன்றைய தொகையைப் பாருங்கள். உண்மையான செலவு ரயில் டிக்கெட்டும் தங்குவதும்தான். அதனால் சுவடி இந்த நாளில் மேசைக்கு வரும் என்ற உறுதி எழுத்தில் கிடைக்கும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள். பழுதுபார்க்கவோ கண்காட்சிக்கோ சுவடி வெளியே போயிருந்தால் மாதக்கணக்கில் வராது.

முதல் மின்னஞ்சலிலிருந்து பார்க்கும் நாள்வரை இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வாங்க இரண்டு வாரம், நூலகத்தின் பதிலுக்கு இரண்டு மூன்று வாரம், மீதி நாள் ஒத்துவருவதற்கு. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சமயங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்குப் போகிறவர்கள் ஓர் உறுதிமொழி தர வேண்டியிருக்கும்: புத்தகத்தைச் சேதப்படுத்த மாட்டேன், உள்ளே தீ மூட்ட மாட்டேன், புகைபிடிக்க மாட்டேன் என்று. பல மொழிகளில் அதை வைத்திருக்கிறார்கள். நிதானமாக வாசியுங்கள்.

5. போவதற்கு முன் மையை ஒரு தடவை நீங்களே காய்ச்சுங்கள்

இது யாரும் சொல்லாத படி. எனக்கு மிகவும் உதவிய படியும் இதுதான். ஐரோப்பாவின் நடுக்கால எழுத்தர்கள் பெரும்பாலும் பயன்படுத்திய மையின் மூன்று சரக்கும் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் உருண்டைக் காய்தான் நாம் குழந்தைகளுக்கு உரைமருந்தில் சேர்க்கும் மாசிக்காய். அடுத்தது அன்னபேதி என்ற இரும்பு உப்பு. மூன்றாவது வேலம்பிசின்.

மாசிக்காய் 30 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, 300 மில்லி தண்ணீரில் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். தேநீர் நிறத்தில் சாறு இறங்கும். துணியில் வடிகட்டி, 20 கிராம் அன்னபேதியைப் போடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். கலம்காரிக்காரர்கள் கடுக்காயில் ஊறிய துணிமேல் இரும்புக் கரைசலை வைத்ததும் கறுப்பு எழும்புமே, அதே வேதியியல். அப்புறம் 10 கிராம் பிசினைக் கரைத்துவிட்டால் மை தாளில் ஓடாமல் நிற்கும். அன்னபேதி வாயில் படக்கூடாது. துணியில் பட்டால் கறை போகாது. சமையல் பாத்திரம் எதையும் பயன்படுத்தாதீர்கள்.

இந்த மையால் எழுதிப் பாருங்கள். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டு மணிக்கணக்கில் கறுக்கும். பல நூற்றாண்டு கடந்தால் பழுப்பாகும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போனால், சுவடியில் ஒரே வரியில் சில எழுத்து கறுப்பாகவும் சில பழுப்பாகவும் இருப்பதைக் கண்டதும், எழுத்தர் இறகுப் பேனாவை மையில் தொட்டு எடுத்த இடம் எது என்று உங்களுக்கே தெரியும்.

6. வாசிப்பு அறையில் முதல் பத்து நிமிடம்

பேனா கிடையாது. பென்சில் மட்டும், இரண்டு கொண்டுபோங்கள். பை, தண்ணீர், குடை எல்லாம் வெளியே பெட்டியில். அறை குளிராக இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். கை கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். கைக்கு கிரீம் பூசிக்கொண்டு போகாதீர்கள்.

வெள்ளைக் கையுறையைப் பலர் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலான நூலகங்களில் இன்று வேண்டாம் என்றே சொல்கிறார்கள். கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து ஏட்டைக் கிழித்துவிட வாய்ப்பு அதிகம். புத்தகத்தை நுரை மெத்தைமேல் வையுங்கள். முழுதாக விரித்து அழுத்தாதீர்கள். ஏடு சுருண்டால் அதற்கென்று உள்ள பாம்பு போன்ற எடைக் கயிற்றை ஓரத்தில் வையுங்கள். ஓரத்தைப் பிடித்துப் புரட்டுங்கள். தங்கத்தின்மேலும் வண்ணத்தின்மேலும் விரல் போகவே கூடாது. தெரியாததை அறைக்காரரிடம் கேளுங்கள். அவர்கள் கேட்கிறவர்களை மதிக்கிறார்கள்.

7. படத்தைக் கடைசியில் பாருங்கள்

செய்தவர்கள் எந்த வரிசையில் செய்தார்களோ அந்த வரிசையில் பாருங்கள். நான் உள்ளே போன முதல் தடவை செய்யத் தவறியது இதுதான்.

முதலில் தோல். கன்று, ஆடு, செம்மறி இவற்றின் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, காயக் காயச் சுரண்டுவார்கள். பதனிட்ட செருப்புத் தோல் மாதிரி அல்ல, மிருதங்கத்துக்கு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். மயிர்ப்பக்கம் சற்று மஞ்சளாக, மயிர்க்கால் புள்ளிகளோடு இருக்கும். சதைப்பக்கம் வெளுப்பு. பொதுவாக விரித்த இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்படி மடித்திருப்பார்கள். மஞ்சளும் வெள்ளையும் எதிரெதிரே வந்தால் நின்று பாருங்கள். நடுவில் ஏடு ஒன்று போயிருக்கலாம். அழகான படமுள்ள ஏடுகளைத்தான் வெட்டி எடுப்பார்கள். என் புத்தகத்தில் அப்படி ஓர் இடம் இருந்தது. தையல் ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு வெட்டிய விளிம்பு மட்டும் நின்றது.

நாலு தோல் தாளை ஒன்றாக மடித்தால் எட்டு ஏடு, ஒரு கட்டு. கட்டின் கடைசிப் பக்கத்தில் கீழே ஓரமாக ஒரு சொல் தனியாக எழுதியிருந்தால், அது அடுத்த கட்டின் முதல் சொல். கட்டுகளை வரிசை மாறாமல் தைப்பதற்கான அடையாளம்.

அடுத்தது துளைகள். வெளி ஓரத்தில் குத்தூசியால் வரிசையாகக் குத்தியிருப்பார்கள். அவற்றை இணைத்துத்தான் கோடு போடுவது. மறுபடி பைண்டிங் செய்தபோது ஓரத்தைச் சீவியிருந்தால் துளை போயிருக்கும். கோடு ஈயக்குச்சியால் போட்டதா, வெளிர்சிவப்பு மையாலா, வெறும் கூர்முனையால் கீறியதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

அதன்பின் எழுத்து. முழு உரையையும் எழுதி முடித்த பிறகுதான் வேலை ஓவியரிடம் போகும். எழுத்தர் வலக்கையில் இறகு, இடக்கையில் கத்தி வைத்திருப்பார். தவறு வந்தால் கத்தியால் சுரண்டி, மேலே எழுதுவார். அந்த இடத்தில் தோல் பஞ்சு பிரிந்தது போலிருக்கும். பெரிய அலங்கார எழுத்துக்கு விட்ட சதுரத்தில் சின்னதாக ஒரு எழுத்து ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓவியர் எந்த எழுத்தைப் போட வேண்டும் என்று எழுத்தர் குறித்தது அது. பெரும்பாலும் ‘டி’யாக இருக்கும், பல வேளைகளின் செபம் ‘தேயுஸ் இன் அத்யுத்தோரியும்’, ‘இறைவா, எனக்குத் துணைசெய்ய வாரும்’ என்றே தொடங்குகிறது.

நாலாவது தங்கம். இதைச் சாவகாசமாகப் பாருங்கள். சுண்ணப்பொடி, ஈயத்தில் செய்த வெள்ளை, பசை, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் குழைத்து மேடாக இடுவார்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வைத்து மேடாக்குவதைப் பார்த்திருந்தால் உடனே புரியும். காய்ந்ததும் அதன்மேல் வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரம் பட்டதும் பசை உயிர்பெற, தங்க ரேக்கை வைத்து, நாய்ப்பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்ப்பார்கள். கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். மேடு தெரியும், உடைந்த இடத்தில் அடியில் உள்ள வெள்ளையோ செம்மண் நிறமோ தெரியும். என் வானதூதருக்கு வளையம் முடிந்து சிறகு முடியாமல் நின்றதற்குக் காரணம் இதுதான்: வண்ணம் பூசிய பிறகு தேய்த்தால் வண்ணம் கெடும், ரேக்கு ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டும். ஆகவே தங்கம் முதலில், வண்ணம் பிறகு.

கடைசியில் வண்ணம். பெயர்கள் நமக்குப் புதிதல்ல. சிவப்பு, சாதிலிங்கம். மஞ்சள் சில சுவடிகளில் அரிதாரம், கூத்துக்காரர் முகத்தில் பூசிய அதே பொருள்; அதில் ஆர்சனிக் உண்டு, அதனாலும் ஏட்டைத் தொட்ட விரலை வாயில் வைக்காதீர்கள். ஆழ்ந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து போன லாபிஸ் லாசுலிக் கல். அது விலை மிக்கதால் மரியாவின் மேலாடைக்கு அதைப் பூசி, வானத்துக்கு மலிவான வேறு நீலத்தைப் பூசுவது உண்டு. ஒரே படத்தில் இரண்டு நீலம் தெரிந்தால் நின்று ஒப்பிடுங்கள். பச்சை செம்புக் களிம்பாக இருந்தால் ஏட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல இடங்களில் பழுப்பாக ஊறி, தோலையே தின்றிருக்கும்.

8. நாள்காட்டியைத் தவறவிடாதீர்கள்

செபப் புத்தகத்தின் முன்னால் உள்ள பன்னிரண்டு மாத நாள்காட்டியில் படம் குறைவு என்று பலர் புரட்டிவிடுவார்கள். புத்தகம் யாருக்காக, எந்த ஊரில் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்க அது முக்கியமான வழி. முக்கிய திருநாள்கள் சிவப்பிலோ தங்கத்திலோ இருக்கும். ஜனவரி 3இல் புனித ஜெனவியேவ் தங்கத்தில் இருந்தால் பாரிஸ் பக்கம் நினையுங்கள். அக்டோபர் 23இல் புனித ரோமானுஸ் அப்படி இருந்தால் பிரான்சின் ரூவான் நகரம்.

இங்கிலாந்தில் பயன்பட்ட புத்தகம் என்றால் டிசம்பர் 29ஐத் திறந்துபாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் மன்னரை எதிர்த்துக் கொல்லப்பட்ட பேராயர் புனித தாமஸ் பெக்கெட்டின் நாள். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னர் அவர் பெயரை எல்லாப் புத்தகங்களிலும் அழிக்க ஆணையிட்டார். சிலர் கத்தியால் சுரண்டினார்கள். சிலர் ஒப்புக்கு மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிட்டு, எழுத்து தெரியும்படியே விட்டார்கள். அந்த மெல்லிய கோட்டை நேரில் பார்த்தபோது, வீட்டுக்குள் அந்தப் புத்தகத்தை வைத்துச் செபித்தவரின் பயமும் பிடிவாதமும் எனக்குத் தெரிந்தன.

9. புறப்படும் முன்

புகைப்பட அனுமதியைக் காலையிலேயே கேளுங்கள். ஃபிளாஷ் எங்கும் கிடையாது. எடுத்த படத்தை வெளியிடுவதற்கு வேறு விதி இருக்கும், அதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஏட்டு எண்ணைப் பென்சிலால் உடனே குறியுங்கள். மாலையில் நினைவு வராது.

மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே உங்கள் அடையாளச் சீட்டு எதுவும் விட்டுப்போகவில்லையே என்று பாருங்கள். மறுநாளும் பார்க்க வேண்டுமென்றால் கொடுக்கும்போதே சொல்லுங்கள், பல இடங்களில் தனியே எடுத்து வைப்பார்கள். பட்டியலில் இல்லாத ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால், வெட்டிய விளிம்போ ஒளிந்திருந்த எழுத்தோ, ஏட்டு எண்ணோடு அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் அந்த வெட்டிய விளிம்பைப் பற்றி எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது, பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்று.